அக்கா வீட்டுச் சுவரில் ஏறிய ஈரம்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அக்கா போன் செய்து, தையல் மெஷினில் கை வைத்ததும் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது என்றாள். நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருந்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். தம்பிக்கு என் மேல் அவ்வளவு பாசம் என்று அக்கா தெருவில் சொல்லிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு போர்வெல் லாரியில் ஆந்திரா வரை போயிருக்கிறேன். கேரளாவில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாவு பிசைந்திருக்கிறேன். சவுதியில் இரண்டு வருடம் பிளம்பருக்குக் கையாளாக இருந்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுதாகத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் நான் எல்லாம் தெரிந்தவன்.

வீடு திருவரங்குளத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. முன்பு அது ஒரே வீடு. மச்சான் உயிரோடு இருந்தபோது அவருக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரிந்தது. நடுவில் இருந்த நீளச் சுவரைப் பொதுச் சுவராக வைத்துக்கொண்டு, வடக்குப் பாதி அக்காவுக்கும் தெற்குப் பாதி அவள் கொழுந்தனுக்கும் ஆயிற்று. பிரிந்த ஆறேழு மாதத்திலேயே பேச்சு நின்றுவிட்டது. சுவரின் கனத்தில் யார் எத்தனை அங்குலம் கொடுத்தார்கள் என்பதில் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். மச்சான் இறந்த அன்று கொழுந்தன் வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், போனார். அதோடு சரி. நாலு வருடமாக அக்கா தையலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

நான் போய்ப் பார்த்தபோது வீட்டில் கரண்டு இல்லை. கரண்டு வேலை பார்ப்பவர் வந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சுவர் காயாமல் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். முன்கூடத்தில் அந்தப் பொதுச் சுவரில்தான் மெயின் போர்டு இருக்கிறது. அதன் கீழேதான் மெஷின். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் கறுத்து, சில இடங்களில் பூசிய சுண்ணாம்பு பொரிந்து, உப்புப் பூத்திருந்தது. கையை வைத்தால் சில்லென்று இருந்தது. பகல் வெளிச்சம் இருக்கும்வரை அக்கா மெஷினைக் காலால் மிதித்தாள். ஓரம் அடிக்கிற மெஷினுக்குக் கரண்டு கட்டாயம் வேண்டும். அதற்கு மட்டும் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு வல்லத்திராக்கோட்டையில் இருக்கும் இன்னொரு தையல்காரப் பெண் வீட்டுக்கு பஸ்ஸில் போய் வந்தாள். பொங்கலுக்குத் தர வேண்டிய ஜாக்கெட்டுகள் ஒரு கட்டிலை அடைத்துக் கிடந்தன. தெருவில் பாதிப் பெண்களின் துணி அது. இந்தப் பொங்கலுக்குக் கொடுக்க முடியாவிட்டால் அடுத்த பொங்கலுக்கு ஒருத்தியும் வரமாட்டாள் என்று அக்கா சொன்னாள். அழவெல்லாம் இல்லை. கணக்காகச் சொன்னாள்.

எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டேன். அவள் தெற்கே, கொழுந்தன் வீட்டுப் பக்கமாக, நாடியை மட்டும் அசைத்தாள்.

நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் தளத்தில் ஏறிப் பார்த்தேன். கார்த்திகை முழுக்க நல்ல மழை பெய்திருந்தது. ஒரு மூலையில் வெடிப்பு இருந்தது, சிமெண்ட் கரைத்து ஊற்றினேன். கீழே இறங்கி யோசித்தபோதுதான், ஈரம் மேலிருந்து இறங்கவில்லை, கீழிருந்து ஏறுகிறது என்பது புத்தியில் பட்டது. மேலே சுவர் நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. சிமெண்ட் வீணாகவில்லை, அடுத்த மழைக்கு ஆகும் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

அடுத்தது வாசலில் இருக்கும் பஞ்சாயத்துக் குழாய். எங்கள் பக்கம் தண்ணீர் வேகமாக வராது. வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் குழாயைத் தாழ்த்தி வைத்து, குடத்தைக் குழிக்குள் இறக்கித்தான் பிடிப்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அந்தக் குழியில் தேங்கும் தண்ணீர்தான் கூடத்துக்குள் ஊறுகிறது என்று எனக்குச் சந்தேகம். குழியைச் சுத்தமாக இறைத்து, வால்வை மூடிக் கயிற்றால் கட்டினேன். மூன்று நாள் எங்களுக்கு வடக்கே இருக்கும் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்தோம். ஈரம் கொஞ்சமும் குறையவில்லை.

பிறகு அக்காவின் குளியலறை, பாத்திரம் கழுவும் இடம். சொட்டு நீலம் ஒரு பாட்டிலைச் சாக்கடைக் குழியில் ஊற்றினேன். சுவர் நீலமாகுமா என்று பார்த்தோம். சுவர் ஆகவில்லை. பின்பக்கம் வாழைக்கன்று வைத்திருந்த பாத்திதான் நீலமானது. இரண்டு நாள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்காமல், நான் கண்மாயிலும் அக்கா அந்த வடக்கு வீட்டிலும் குளித்தோம். மார்கழியில் கண்மாயில் குளிப்பது சாதாரணக் காரியம் இல்லை. தண்ணீரில் இருக்கும்வரை தெரியாது, கரையேறிய பிறகுதான் பல் கிடுகிடுக்கும். வீட்டுக்கு வந்து சுவரைத் தொட்டால் அது என்னைவிட ஈரமாக இருந்தது.

கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். இது கசிவே இல்லை, உப்பு மண் போட்டுக் கட்டிய சுவர், பனிக் காலத்தில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கிறது என்றார். அப்படியானால் போன மார்கழியில் ஏன் இழுக்கவில்லை என்று அக்கா கேட்டாள். போன வருடம் பனி குறைவு என்றார் அவர். அது உண்மையா பொய்யா என்று எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதற்கு நடுவில் வடக்கு வீட்டு அம்மா, நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். கீழே தண்ணீர் ஓடும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். போர் லாரியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்டவர்கள் சொன்ன இடத்தில் துளை போட்டிருக்கிறோம். தண்ணீரும் வந்திருக்கிறது, வெறும் புழுதியும் வந்திருக்கிறது. அவர் கூடத்துக்குள் வந்து இரண்டு சுற்று நடந்தார். மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி, தேங்காய் எழுந்து நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இந்த எடத்துல நல்ல ஊத்து இருக்கு தாயி. போர் போட்டீங்கன்னா ஊருக்கே தண்ணி குடுக்கலாம்.”

“தைக்கிற எடத்துலங்க,” என்றாள் அக்கா.

“மெஷின அங்கிட்டுத் தள்ளிப் போட்டுக்கங்க,” என்றார் அவர்.

அவர் போன பிறகு நான் நிஜமாகவே குழம்பிவிட்டேன். சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. தேங்காய் நின்றதை நான் பார்த்தேன். வீட்டுக்கு அடியில் ஊற்று என்றால் பிளம்பரும் கொத்தனாரும் என்ன செய்ய முடியும்? மழை நன்றாகப் பெய்த வருடம். கிணறுகளில் தண்ணீர் மேலே வந்திருந்தது. அப்படியும் இருக்கலாமோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அடுத்த நாள் அப்படி இருக்காது என்று நினைத்தேன். ஒரு பக்கமும் நிலைக்கவில்லை. கூடத்தில்தான் என் பாய். படுத்தால் முதுகில் குளிர் ஏறியது. அது பனிக் குளிரா, ஊற்றுக் குளிரா என்று புரளுவேன்.

அக்காவுக்குக் குழப்பமே இல்லை. தண்ணீர் தெற்கிலிருந்து வருகிறது, அதுவும் வேண்டுமென்றே விடப்படுகிறது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். கொழுந்தன் அந்த வருடம் மலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறைய விபூதி சந்தனம். விடியுமுன் குளியல், பொழுது சாயும்போது இன்னொரு குளியல். மாலை போட்டால் எதிரியையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கோபத்தில் ஒரு சொல் வரக்கூடாது. அது அக்காவுக்கும் தெரியும். ஒரு நாள் காலை, அவர் கோவிலிலிருந்து திரும்பி வரும்போது அக்கா வாசலில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினாள். தாலியறுத்தவள் வயிற்றில் தண்ணீரை விட்டு அடிக்கிறவனுக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டாள். எனக்கு உள்ளே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. அவர் நின்றார். இரண்டு கையையும் கூப்பி, “சாமி சரணம்” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

உள்ளே வந்த அக்கா என்னிடம் கேட்டாள்.

“குத்தம் இல்லாதவன் எதுக்குடா கும்புடுறான்?”

குற்றம் இருந்தாலும் கும்பிட்டிருப்பார், இல்லாவிட்டாலும் கும்பிட்டிருப்பார். மாலை அப்படி.

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல்தான் சாக்பீஸை எடுத்தேன். துணியில் கோடு போட அக்கா வைத்திருக்கும் தட்டையான தையல் சாக்பீஸ், ரோஸ் நிறம். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதன் ஓரத்தில் கோடு போட்டேன். பக்கத்தில் நேரத்தை எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கோடு. இரண்டு நாளில் சுவர் முழுக்க கோடாகிவிட்டது. ரவிக்கைக்குக் கழுத்து வெட்டியது போல வளைந்து வளைந்து இருந்தது. மேலே இருந்த கோடுகள் அசையவில்லை. தரையோடு சேர்ந்த இடத்தில் மட்டும் ஈரம் நகர்ந்தது. அதுவும் எப்போதும் இல்லை. காலை ஒன்பது பத்து மணிக்கு ஒரு விரற்கடை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விரற்கடை. மற்ற நேரம் அப்படியே இருக்கும், உச்சி வெயிலில் கொஞ்சம் பின்வாங்கும்.

ஊற்று என்றால் நேரம் பார்த்து வருமா? பனி என்றால் ஒன்பது மணிக்கா ஏறும்? எனக்கு அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை. காலை ஒன்பது மணிக்குத் தெற்கு வீட்டில் யாரும் தண்ணீர் புழங்குவதில்லை. கொழுந்தன் கடைக்குப் போயிருப்பார். புதுக்கோட்டையில் அவருக்கு ஒரு சின்ன உரக்கடை. அவர் மனைவி அந்த நேரம் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாள். பூட்டிய வீட்டிலிருந்து எப்படித் தண்ணீர் வரும்? அக்காவிடம் இதைச் சொன்னேன். பூட்டிவிட்டுப் போகும்போது திறந்து விட்டுப் போவார்களாக இருக்கும் என்றாள்.

அப்புறம் இரண்டு நாள் கோடு நகரவே இல்லை. காலையும் இல்லை, இரவும் இல்லை. கரண்டுக்காரரைக் கூப்பிடலாமா என்று அக்கா கேட்டாள். மூன்றாம் நாள் காலை மறுபடி ஒரு விரற்கடை. நான் டீக்கடையில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், கொழுந்தன் சாமி இரண்டு நாளாக வேறு ஊரில் பஜனைக்குப் போய்விட்டு நேற்று இரவுதான் வந்தார் என்று. டீ கையிலேயே ஆறிப்போனது.

மறுநாள் விடியுமுன் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்பக்கம் போய் வேலி ஓரமாக நின்றேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுப் பின்னால் போர் இருக்கிறது. மோட்டார் ஓடியது. போர் மேடையை ஒட்டி ஒரு பழைய குழாய். அதன் அடியில் உட்கார்ந்து, சரணம் சொல்லிக்கொண்டே குளித்தார். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தென்னைக்கு ஓடியது. எங்கள் பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை. வாட்டம் முழுக்க அந்தப் பக்கம். வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தென்னைக்குப் போகிறது, ஈரம் அக்கா வீட்டில் வருகிறது.

அவர் துண்டைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம், போர்வைக்குள் நிற்கிறவனைத் திருடன் என்றுதான் நினைக்க வேண்டும். ஆனால் அவர் கையைக் கூப்பினார்.

“சாமி சரணம். என்ன சாமி, இந்தப் பனியில?”

முன்பெல்லாம் அவர் என்னை மாப்ள என்பார். நானும் அவரை மாப்ள என்பேன். நானும் சாமி சரணம் என்றேன். பிறகு நேராகவே கேட்டுவிட்டேன். வீட்டுக்குள் குளியலறை இருக்கும்போது எதற்கு இங்கே குளிக்கிறார் என்று. வீட்டில் பெண்கள் புழங்குகிற இடம், மாலை போட்டிருக்கிறபோது அங்கே குளிக்கக்கூடாது என்பதால் ஒரு மண்டலமாக வெளியேதான் குளிப்பதாகச் சொன்னார். அந்தக் குழாய் வருடக்கணக்கில் மூடிக் கிடந்ததாம். இவர் மாலை போட்டபிறகுதான் வால்வைத் திறந்தாராம். குளித்துவிட்டு மூடிவிடுவாராம்.

அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறுவதைப் பற்றிச் சொன்னேன். அவர் குழாயைத் திரும்பிப் பார்த்தார். ஈர வேட்டியோடு நின்றவருக்கு உடம்பு நடுங்கியது. பிறகு குழாயின் அடியைக் காட்டினார்.

“இந்த லைனு எங்கிட்டுப் போகுதுன்னு தெரியுதா சாமி?”

“தெரியலீங்க.”

“பாகம் பிரியுறதுக்கு முன்னாடி இந்தப் போர்லருந்து வாசக்குழாய்க்கு இதுலதான தண்ணி போச்சு. அண்ணன் வீட்டுக் கூடத்துக்கு அடியிலயே போகும். டைல்ஸ் போடயில நடுவுல வெட்டி அடச்சோம்.”

“யாரு அடச்சா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாலை போடாத நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்குப் பின்னால் வேறு வார்த்தை வந்திருக்கும்.

“நீங்கதான் சாமி. நான்தான டார்ச்சு புடிச்சேன். என் பக்கம் மேடைய ஒடச்சு இங்கிட்டே வெட்டிருவோம்னு சொன்னேன். பஸ்சுக்கு நேரமாச்சு, அதெல்லாம் வேணாம்னு நீங்கதான் அங்கிட்டு அடச்சுட்டுப் போனீங்க.”

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதுதான் உண்மை. சவுதிக்குப் போய் வந்த பிறகு இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்கியது தெரியும். கூடத்தைத் தோண்டிப் போட்டிருந்தது தெரியும். அக்கா பின்பக்கம் கொத்தனார்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தது தெரியும். குழாய்க்குள் நான் எதை வைத்தேன் என்பது தெரியவில்லை. நான் எத்தனையோ குழாய்களை அடைத்திருக்கிறேன், எத்தனையோ ஊர்களில். அவை எதுவும் என்னைத் தேடி வந்ததில்லை. அவரிடம் என்ன சொன்னேன் என்றும் இப்போது நினைவில்லை. அவர் இன்றிலிருந்து அந்தக் குழாயைத் திறக்கவில்லை, வாளியில் மொண்டு குளித்துக்கொள்கிறேன் என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபம் இல்லையா, மாலைக்காக அடக்கிக்கொண்டாரா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அக்காவிடம் அன்று நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. பழைய லைன் ஒன்று அடியில் போகிறது, அதன் முனை கசிகிறது, டைல்ஸை உடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். யார் அடைத்தது என்று அவள் கேட்கவில்லை. பாகப்பிரிவினை பேசியபோது லைனை வெட்டுவது கொழுந்தன் பொறுப்பு என்று முடிவாகியிருந்தது. ஆகவே அவர் வெட்டாமல் விட்டுவிட்டார் என்று அவளே எடுத்துக்கொண்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் அந்த வசதியிலேயே இருந்தேன்.

டைல்ஸ் மச்சான் போட்டது. அவர் போட்ட ஒரே புதுசு அந்தக் கூடத்தில் அதுதான். உளியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். “ஒடை” என்றாள். நாலு டைல்ஸ் போயிற்று. அடியில் மணல் சேறாக இருந்தது. கையை விட்டுத் துழாவினேன். மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி, தேங்காய் எழுந்து நின்ற இடத்துக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே குழாய் முனை இருந்தது. மூடி இல்லை. ஒரு கட்டையைச் சீவி முனையில் அடித்து, அதற்கு மேல் சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுகச் சுற்றி, கம்பியால் கட்டியிருந்தது. கட்டை கறுத்து, விரலால் அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போனது. அவர் குளிக்க வால்வைத் திறந்து மோட்டார் தள்ளும்போதெல்லாம் அதன் வழியாகத்தான் பீறியிருக்கிறது. மணலில் ஊறி, சுவருக்குப் போய்ச் சேர அதற்கு மூன்று நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது.

அக்கா குனிந்து பார்த்தாள். ட்யூபைப் பார்த்தாள். நான் எங்கே போனாலும் எது உடைந்தாலும் சைக்கிள் ட்யூபைக் கிழித்துத்தான் கட்டுவேன். அவள் வீட்டு வாளிப் பிடி, அரிவாள்மனைக் கால், குடைக் காம்பு எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன.

“இது ஒன் வேலையில்ல?”

ஆமாம் என்றேன்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். அவருதான் சொன்னாரு.”

“எப்ப?”

“நேத்து விடிய.”

அக்கா எழுந்து போய் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் திருவரங்குளம் போய் முனை மூடியும் பசையும் வாங்கிவந்து, குழாயை நல்ல இடம் வரை அறுத்துவிட்டு, முறையாக அடைத்தேன். தோண்டிய இடத்தை அப்படியே திறந்து போட்டோம். ஈரம் போக வேண்டுமே. வடக்கு வீட்டிலிருந்து ஒரு மின்விசிறிக்கு மட்டும் ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரவும் பகலும் சுவருக்கு விசிறி விட்டோம். நாங்கள் பனியில் நடுங்க, சுவர் காற்று வாங்கியது.

அன்று சாயங்காலம் வரை அக்கா கொக்கி வைத்தாள். பிறகு, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, தெருவில் வைத்து அப்படிப் பேசிவிட்டேனே என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டு வரட்டுமா என்று கேட்டேன். பேசியது நீயா என்று கேட்டாள்.

நாலு நாள் கழித்து ஊர்ப் பிள்ளையார் கோவிலில் இருமுடி கட்டினார்கள். மலைக்குப் போகிறவருடைய முடியில் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு பிடி அரிசி போடுவார்கள். வராதவர்கள் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். காலையிலிருந்து அக்கா போவதா வேண்டாமா என்றிருந்தாள். குளித்தாள், சேலை மாற்றினாள், மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள்.

“போனா என்னன்னு கூப்புடுறது? வயசுல சின்னவரு. பேரச் சொல்லியே கூப்புட்டவ நான்.”

“சாமின்னு கூப்புடு.”

“நாளைக்கு மாலையக் கழட்டிட்டு வந்தா?”

நான் அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டேன்.

கடைசியில் போனோம். கூட்டத்தில் அவள் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் ஒரு பிடி அரிசி அள்ளினாள். இரண்டு மூன்று மணி கீழே விழுந்தது. கொழுந்தன் தலையைக் குனிந்தபடி முடியின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் குனிந்த அதே குனிவு. அக்கா அரிசியைப் போட்டாள். உதடு அசைந்தது. சாமி என்று சொன்னாளா, வேறு ஏதாவது சொன்னாளா, சரண கோஷத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் ஒரு பிடி போட்டேன். அவர் மனைவி அக்காவை ஒரு நொடி பார்த்துவிட்டு, தேங்காயில் நெய் ஊற்றுவதில் மும்முரமாகிவிட்டாள். திரும்பி வரும் வழியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அக்கா காதில் வாங்காதது போல நடந்தாள்.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது கரண்டுக்காரர் வந்தார். போர்டு இருக்கும் உயரத்தில் சுவர் காய்ந்துவிட்டது என்றார். ஆனாலும் நம்பாமல், போர்டைக் கழற்றி வடக்குச் சுவரில் மாட்டி, ப்யூஸ் கட்டையைப் போட்டார். அக்கா மெஷினைத் தொடுவதற்கு முன் என்னைத் தொடச் சொன்னாள். தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. நான் சோறு வைத்தேன், கொக்கி தைத்தேன், ஓரம் அடித்த துணிகளை மடித்தேன். இரண்டு பேர் பொறுக்க முடியாமல் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற எல்லாருக்கும் பொங்கலுக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் கொடுத்து முடித்தாள். கடைசி ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் வந்தபோது, மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் பொங்கல் கழிந்து நாலாம் நாள் வந்து மாலையைக் கழற்றினார். மறுநாள் காலை டீக்கடையில் அவரைப் பார்த்தேன். தாடி எடுத்து, வெள்ளை வேட்டியில், பழைய ஆளாக இருந்தார். பார்க்காதது போலப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இருவரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றோம். குடித்து முடித்து, கிளாஸை வைக்கும்போது அவர் கேட்டார்.

“ஈரம் காஞ்சிருச்சா?”

சாமி என்று சொல்லவில்லை. மாப்ள என்றும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். என்ன முறை வைத்துக் கேட்டார் என்றாள். ஒரு முறையும் வைக்கவில்லை, சும்மாதான் கேட்டார் என்றேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். அதையும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் எழுந்து, முன்பு போர்டு இருந்த உயரத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“காஞ்சிருச்சுன்னு சொல்லிரு,” என்றாள். “நான் சொன்னேன்னு சொல்லு.”

நான் குனிந்து சுவரின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்வதா, அவரிடம் சொல்வதா என்று தெரியாமல், சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் கடைக்குப் போகப் புதுக்கோட்டைக்கு பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.